ஒரு பால் குக்கரும் 42 வினாடியும்

எங்கள் கடையில் பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டித் தருவோம். சேலம் கடைவீதிப் பக்கம் எந்தப் பாத்திரக் கடையிலும் இது உண்டு. மூலையில் ஒரு ஸ்டூல் போட்டு, தடித்த பேனா மாதிரி ஒரு மிஷினைக் கையில் பிடித்துக்கொண்டு ஓர் அண்ணன் உட்கார்ந்திருப்பார். பல் கூசுகிற சத்தத்தோடு புள்ளி புள்ளியாக எழுத்து விழும். வெட்டுவதற்கு முன்னால் பேரைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வது அப்பா காலத்துப் பழக்கம். ஒரு தடவை சீட்டு வாங்காமல், காதில் விழுந்ததை வைத்து வெட்டி, சீர் அண்டாவில் கல்யாணப் பெண்ணின் பேருக்குப் பதில் நாத்தனார் பேர் ஏறிவிட்டது. பாலிஷ் போட்டுப் பார்த்தோம். எழுத்து போன மாதிரி இருந்தது, ஆனால் அந்த இடம் மட்டும் மங்கிப்போய்த் தனியாகத் தெரிந்தது. வெயிலில் சாய்த்துப் பிடித்தால் நாத்தனார் பேரையும் படித்துவிடலாம். அந்த அண்டா இன்றைக்கும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில்தான் கிடக்கிறது.

இப்படிச் சீட்டு வாங்கிப் பேர் வெட்டுகிற குடும்பத்தில் பிறந்த நான், 2022 ஆடியில் யாரிடமும் எதையும் கேட்காமல் ஒரு பையனின் முகத்தை ஊர் முழுக்கக் காட்டினேன்.

கோட்டை மாரியம்மன் திருவிழா நடந்துகொண்டிருந்தது. ஆடிக் கூட்டம் கடைவீதியில் எப்படி இருக்கும் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் ஏழு மணி. கல்லாவில் நான். ஒரு குடும்பமே நின்று இட்லிப் பானைக்கு விலை பேசிக்கொண்டிருந்தது. ராத்திரி கணக்குப் பார்க்கும்போது ஒரு பால் குக்கர் குறைந்தது. விலை 1,150 ரூபாய். சிசிடிவியை ஓட்டிப் பார்த்தால், ஒரு பையன் வருகிறான், இரண்டு டம்ளரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான், அட்டைப் பெட்டியோடு குக்கரை மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டு மெதுவாக நடந்து போகிறான். ஓடக்கூட இல்லை. எனக்கு ஆத்திரம் வந்ததே அந்த நடையைப் பார்த்துத்தான்.

அதில் 42 வினாடியை வெட்டி எடுத்தேன். முதலில் கடைக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அப்புறம் ஃபேஸ்புக்கில். ‘இந்த மூஞ்சியை நல்லாப் பாத்து வெச்சுக்கோங்க. நம்ம ஏரியாவுல சுத்துற திருடன். ஷேர் பண்ணுங்க.’ அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘பெத்தவங்க என்ன பண்றாங்க?’

அன்றைக்கு ராத்திரி மனசு கேட்கவில்லை, தூக்கம் வரவில்லை என்றெல்லாம் எழுத ஆசைதான். நன்றாகச் சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே கமெண்ட் படித்தேன். ‘கையை வெட்டணும்.’ ‘கட்டி வெச்சு உரிக்கணும்.’ ‘சூப்பர் தலைவா, இப்படித்தான் பண்ணணும்.’ வருஷம் முழுக்கக் கடை விளம்பரம் போட்டாலும் நாற்பது லைக் தாண்டாத ஆள் நான். படுக்கப் போகும் முன் ஷேர் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. உள்ளூர்ச் செய்தி போடுகிற ஒரு பக்கத்துக்காரர் அதை எடுத்து, பையன் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, பின்னணியில் திகில் இசையும் சேர்த்திருந்தார். அதையும் நானே பார்த்து ரசித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது இதுதான்.

விடிந்தபோது கமெண்டில் வேறு வேலை நடந்திருந்தது. பேன்ட் நிறத்தை வைத்து ஒருவர் பள்ளிக்கூடத்தைச் சொல்லியிருந்தார். இன்னொருவர் தெருவைச் சொல்லியிருந்தார். ‘எந்த ஆளுங்க?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதற்குப் பதிலும் வந்திருந்தது. ஒரு பையனின் இன்ஸ்டாகிராம் கணக்கையும் யாரோ இணைத்திருந்தார்கள். அதில் இருந்தது எங்கள் கடைக்கு வந்த பையன் இல்லை. அதே பள்ளிக்கூடம், அதே மாதிரி முன்முடி, அவ்வளவுதான். நான் அதைக் கவனித்தேன். அழிக்கவில்லை. சரக்கு வண்டி வந்திருந்தது, இறக்க வேண்டியிருந்தது.

பத்து மணிக்கு அந்த அம்மா வந்தார். பிரிக்காத பெட்டியோடு குக்கரைக் கல்லா மேல் வைத்தார். பையன் பின்னால் நின்றான். கேமராவில் பார்த்ததைவிடச் சின்னவன், பதினாறு இருக்கும். அவர் வீட்டிலிருந்தே கொலுசுக்கு முத்துக் கோத்துக் கொடுக்கிறவர் என்று பேச்சில் தெரிந்தது. விரல் நுனியெல்லாம் கருத்திருந்தது.

‘தப்புதாங்கண்ணா. நாலு அடி வேணாலும் போடுங்க. அதை மட்டும் எடுத்துருங்க.’

அதை என்று அவர் காட்டியது என் கையிலிருந்த போனை. எதுக்குடா எடுத்தே என்று அப்பா கேட்டார். பையன் வாயைத் திறக்கவில்லை. அப்பா குக்கரை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, ‘போம்மா, பையனை ஸ்கூலுக்கு அனுப்பு’ என்றார். ‘ஸ்கூலுக்கு இனி எங்கீங்கய்யா’ என்றார் அந்த அம்மா.

அங்கேயே பதிவை அழித்தேன். பெரிய மனசு பண்ணிவிட்டதாக நினைப்பு வேறு. சிவப்பு வட்டம் போட்ட பக்கத்துக்கு எழுதிக் கேட்டேன். ‘ப்ரோ, நல்லா ரீச் போயிட்டு இருக்கு’ என்று பதில் வந்தது.

நாலாம் நாள் பதிவுத் தபாலில் ஒரு வக்கீல் நோட்டீஸ். அந்த அம்மா வீட்டிலிருந்து இல்லை. இன்ஸ்டாகிராமில் மாட்டிய அந்த இன்னொரு பையன் வீட்டிலிருந்து. சம்பவ நேரத்தில் அவன் டியூஷனில் இருந்தான், சக மாணவர்கள் அவனைத் திருடன் என்று கூப்பிடுகிறார்கள், தெருவில் இரண்டு பேர் நிறுத்தி அறைந்திருக்கிறார்கள், ஐந்து லட்சம் நஷ்டஈடு, நிபந்தனையற்ற மன்னிப்பு. எனக்கு அநியாயமாகப் பட்டது. நான் அவன் பேரை எழுதவே இல்லையே!

நோட்டீஸை எடுத்துக்கொண்டு அஸ்தம்பட்டி கோர்ட் பக்கம் ஓடினேன். அப்பாவின் சிநேகிதர் ஒருவர் அங்கே முப்பது வருஷமாக வக்கீல். நாங்கள் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவோம். நோட்டீஸை ஓரமாக வைத்துவிட்டு, ‘முதல்ல நீ போட்டதைக் காட்டு’ என்றார். பார்த்தார். ‘பெத்தவங்க என்ன பண்றாங்கன்னு கேட்டிருக்கியே, உனக்குத்தான் இப்போ உங்கப்பா வக்கீல் தேடிட்டு இருக்காரு’ என்றார்.

நான் சொன்னேன், திருடினது உண்மைதானே சித்தப்பா, உண்மையைச் சொன்னா என்ன தப்பு?

எல்லோரும் இங்கேதான் வழுக்குகிறார்கள் என்றார். நஷ்டஈடு கேட்டுப் போடுகிற சிவில் வழக்கில் உண்மை என்று நிரூபித்தால் தப்பித்துக்கொள்ளலாம். கிரிமினல் அவதூறு அப்படி இல்லை. அன்றைக்கு அது இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356. பேர் மாறியதே தவிர சரக்கு ஏறக்குறைய அதேதான். உண்மையாக இருக்க வேண்டும், அதை வெளியே சொல்வது பொதுநன்மைக்கு வேண்டியதாகவும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் விலக்கு. இந்தப் பிரிவே பேச்சுரிமைக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 2016இல் அது செல்லும் என்று தீர்ப்பாகிவிட்டது. ‘1,150 ரூபாய் குக்கர் போனதை உலகம் பூரா பார்க்கிறதுல என்ன பொதுநன்மைன்னு மாஜிஸ்ட்ரேட் கேட்பாரு. என்ன சொல்லுவே?’

மற்ற கடைக்காரர்களை எச்சரிக்கத்தான் போட்டேன் என்றேன். அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறதாம். கேட்பவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு எச்சரிப்பது ஒரு விலக்கு. கடைக்காரர்கள் குழுவோடு நிறுத்தியிருந்தால் அதைச் சொல்லிப் பார்க்கலாம். ஆனால் நல்லெண்ணம் என்பதற்குச் சட்டம் வைத்திருக்கிற அர்த்தம் நம் வீட்டு அர்த்தம் இல்லை. உரிய கவனத்தோடு, விசாரித்துச் செய்தால்தான் அது நல்லெண்ணம். மனசு சுத்தமாக இருந்தது என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னால் போதாது. எனக்கு உடனே துண்டுச் சீட்டு ஞாபகம் வந்தது.

அதற்கப்புறம்தான் அவர் கேட்டார், பையனுக்கு என்ன வயசு?

பதினாறு என்றதும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவு. விசாரணைக்கு வருகிற சிறுவனின் பேர், முகவரி, பள்ளிக்கூடம், அடையாளம் தெரியக்கூடிய எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். பள்ளிக்கூடம் என்ற வார்த்தையே அந்தப் பிரிவில் இருக்கிறது. ‘நீ போலீஸுக்குப் போயிருந்தா அந்த நிமிஷமே இந்தப் பிரிவு உன் கழுத்துக்கு வந்திருக்கும். போகாததால தப்பிச்சே. நல்ல காரியம்னு நினைச்சுக்காதே.’ அதே சட்டத்தில் இன்னொன்றும் சொன்னார். தப்புச் செய்த சிறுவனுக்குப் புதிதாக ஆரம்பிக்க உரிமை உண்டு, அவனைப் பற்றிய பழைய பதிவுகளை, தனிப்பட்ட சில சந்தர்ப்பங்கள் தவிர, அழித்துவிட வேண்டும் என்கிறது சட்டம். அரசாங்கத்தின் ஃபைலை அழிக்கச் சொல்லலாம். சிவப்பு வட்டத்தை யார் போய் அழிப்பது?

சரி, அந்த இன்னொரு பையன் விஷயம்? அவன் பேரைச் சொன்னது யாரோ. ஆனால் என் பதிவின் கீழே சொன்னார்கள், நான் பார்த்தேன், விட்டுவிட்டேன். வழக்கு நிற்குமா நிற்காதா என்பது அப்புறம், முதலில் நீ அங்கே போய் நிற்க வேண்டும் என்றார் சித்தப்பா. ஷேர் செய்தவர்களுக்கும் இதேதான். நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன் என்பது எடுபடாது. நடிகர் எஸ்.வி. சேகர் 2018இல் பெண் பத்திரிகையாளர்களைப் பற்றி யாரோ எழுதியதைத் தன் பக்கத்தில் பகிர்ந்தார். படிக்காமல் அனுப்பிவிட்டேன் என்றார், பதிவை நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்தது, உச்ச நீதிமன்றமும் உதவவில்லை, 2024 பிப்ரவரியில் ஒரு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. வில்லிலிருந்து கிளம்பிய அம்பு என்று உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பில் சொன்னதை எங்கள் கடைக்காரர்கள் குழுவில் ஒருவர் பகிர்ந்தார். பகிர்ந்தவரும் என் வீடியோவை அனுப்பிய ஆள்தான்.

கமெண்டில் கையை வெட்டணும் என்று எழுதியவர்கள் யாரும் கத்தியோடு கிளம்ப மாட்டார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூர். குழந்தை கடத்துகிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவிக்கொண்டிருந்த நேரம். சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் வழியில் நிறுத்தியது. 65 வயது அம்மா ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்திருக்கிறார். கூட்டம் கூடி அடித்ததில் அவர் செத்தேபோனார். அந்த வருஷம்தான் வாட்ஸ்அப் ஒரு செய்தியை ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு வைத்தது. என் வீடியோவைப் பார்த்து அந்த இன்னொரு பையனை அறைந்த இரண்டு பேருக்கும் அத்திமூர்க் கூட்டத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று யோசித்தால் அடிவயிறு கலங்குகிறது.

சேலத்துக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் இரண்டு பழைய கதைகள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, சேலம் விஜயராகவாச்சாரியார். 1882இல் இங்கே நடந்த கலவரத்தைத் தூண்டிவிட்டார் என்று குற்றம் சாட்டி, பத்து வருஷத் தண்டனையும் கொடுத்துவிட்டார்கள். மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றம் குற்றமில்லை என்று விடுவித்தது. மனுஷன் அதோடு விடவில்லை. நகரசபையிலிருந்து தன்னை நீக்கியதற்காக லண்டனில் உட்கார்ந்து இந்திய விவகாரங்களைப் பார்த்த பிரிட்டிஷ் மந்திரி மீதே வழக்குப் போட்டு நூறு ரூபாய் நஷ்டஈடு வாங்கினார். பின்னால் 1920 நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். அவருக்குச் சட்டம் தெரியும், வாதாட நாக்கு இருந்தது. டியூஷனில் உட்கார்ந்திருந்த பையனுக்கு அப்பா கடன் வாங்கி அனுப்பிய ஒரு நோட்டீஸ்தான் இருந்தது.

இன்னொரு கதை சித்தப்பா சொன்னது. ஆபீஸை விட்டு வெளியே டீக்கடையில் நின்றோம். தட்டுவடை செட் ஒரு பிளேட் சொன்னார். சாப்பிட்டுக்கொண்டே மத்திய சிறை இருக்கிற திசையைக் கையால் காட்டி, ‘ஆட்டோ சங்கரை அங்கதான் தூக்குல போட்டாங்க, தெரியுமில்ல?’ என்றார். தெரியும். 1995 ஏப்ரல் 27. எங்கள் வயசுக்காரர்களுக்கு அது பயமுறுத்திச் சோறு ஊட்டிய பேர். ஆனால் ஒரு குற்றவாளியைப் பற்றி எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று இந்த நாட்டுக்கு அளவுகோல் கிடைத்ததே அந்த ஆளின் வழக்கில்தான் என்பது எனக்குத் தெரியாது. சிறையில் அவர் எழுதிய சுயசரிதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடப் போனது. அதில் பெரிய அதிகாரிகளின் பேரெல்லாம் வருகிறது. அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வெளிவருவதற்கு முன்பே தடுக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் இல்லை. நீதிமன்றப் பதிவு போன்ற பொது ஆவணத்தில் இருப்பதை யாரும் எழுதலாம். அதைத் தாண்டி ஒருவரின் சொந்த வாழ்க்கைக்குள் போனால், புகழ்ந்தாலும் சரி, திட்டினாலும் சரி, சம்மதம் வேண்டும். பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணின் பேர் பொது ஆவணத்தில் இருந்தாலும் எழுதக் கூடாது.

ஆறு கொலைக்குத் தூக்குத் தண்டனை பெற்றவருக்கே இந்த வரப்பு போட்டிருக்கிறார்கள். பால் குக்கர் எடுத்தவனுக்கு நான் எதுவும் போடவில்லை. என் கையில் இருந்தது நீதிமன்றப் பதிவும் இல்லை, சிசிடிவி படத்தைச் சேமித்து வைக்கிற என் கடை டிவிஆர்.

டிவிஆர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கடை வைத்திருக்கிறவர்கள் கவனித்துப் படிக்கவும். முழு ரெக்கார்டிங் எங்கே என்று சித்தப்பா கேட்டபோது விழித்தேன். எங்கள் டிவிஆரில் பத்து நாள்தான் நிற்கும், அப்புறம் அதன் மேலேயே புதுசு ஏறிவிடும். நான் நினைப்பு வந்து பார்த்தபோது ஆடி பதினெட்டுக் கூட்டம் ஏறியிருந்தது. என்னிடம் மிச்சம் இருந்தது நான் வெட்டிய 42 வினாடி. ஊரில் இருந்தது திகில் இசை போட்டது. கோர்ட்டுக்கு மின்னணு ஆதாரம் கொண்டுபோக வேண்டுமானால் எந்தக் கருவி, யார் பொறுப்பில் இருந்தது, மாற்றம் செய்யப்படவில்லை என்று சான்றிதழ் வேண்டும். அப்போது 65பி என்பார்கள், இப்போது புது சாட்சியச் சட்டத்தில் 63. வெட்டி, ஒட்டி, வட்டம் போட்டதுக்கு யார் கையெழுத்துப் போடுவார்? இன்னொரு வில்லங்கமும் உண்டு. போலீஸ் அடையாள அணிவகுப்பு நடத்தி, சாட்சி வந்து இவன்தான் என்று காட்டினால், எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வி கேட்பார்: இந்த முகத்தை முன்னாடியே போனில் பார்த்தீங்களா? பார்த்தேன் என்றால் அந்த அடையாளத்துக்கு மதிப்பு போயிற்று. நிஜமாகவே பெரிய திருடனாக இருந்தால், அவன் தப்பிக்க நானே கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆகியிருக்கும்.

போலீஸே பஸ் ஸ்டாண்டில் திருடர்கள் படத்தைப் போர்டு போட்டு வைக்கிறார்களே என்றும் வாதாடிப் பார்த்தேன். 2020 மார்ச்சில் லக்னோவில் போராட்டக்காரர்களின் படம், பேர், முகவரியோடு அதிகாரிகள் போர்டு வைத்ததை அலகாபாத் உயர்நீதிமன்றம் தானாகவே விசாரித்து, அதற்குச் சட்டத்தில் இடமில்லை, எடுங்கள் என்று உத்தரவிட்டதைச் சித்தப்பா சொன்னார். அரசாங்கத்துக்கே இவ்வளவு கேள்வி இருக்கிறது, கடைக்காரனுக்கு எங்கிருந்து வரும்?

மன்னிப்புக் கடிதம் கொடுத்தோம். அதே ஃபேஸ்புக்கில், அந்தப் பையனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று போட்டேன். மொத்தம் 23 லைக். அவன் அப்பா பணம் கேட்டு வற்புறுத்தவில்லை. ‘உங்க கடையிலதாங்க என் தங்கச்சிக்குச் சீர் எடுத்தோம்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நாலு அடி வாங்கியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அந்தக் காலத்தில் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதை மேல் ஏற்றுவார்கள் என்று சொல்வார்களே. கொடுமைதான். ஆனாலும் கழுதைக்குக் கால் வலிக்கும், சாயங்காலம் ஊர் எல்லையில் இறக்கிவிட வேண்டும். பக்கத்து ஊருக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளலாம். நான் ஏற்றிவிட்ட கழுதை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். இப்போதைய சட்டத்தின் சாதாரணத் திருட்டுப் பிரிவுப்படி 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல் தடவை திருடி மாட்டிக்கொண்ட ஒருவர் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் தண்டனை சமூக சேவை. பெரியவர்களுக்கே இது. அவதூறுக்கு இரண்டு வருஷம் வரை சிறை. அதாவது அந்தக் கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்றவனைவிட இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன்தான் பெரிய குற்றத்தின் பக்கத்தில் இருந்தான்.

இவ்வளவும் எழுதிவிட்டு, ஆகவே யாரும் யாரையும் வெளியே சொல்லாதீர்கள் என்று முடித்தால் என் அக்கா மகள் விடமாட்டாள். கல்லூரியில் படிக்கிறாள். போன வருஷம் டவுன் பஸ்ஸில் ஓர் ஆள் அவளிடம் அசிங்கமாக நடந்துகொண்டான். அவள் போனில் எடுத்துவிட்டாள். அன்றைக்கே போடுகிறேன் என்று நின்றாள். நான்தான் தடுத்து, அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். பென்டிரைவில் முழு வீடியோ, எழுத்தில் புகார், புகாரை வாங்கிக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது, எல்லாம் முறைப்படி. ஆளைக் கூப்பிட்டார்கள். எழுதி வாங்கிக்கொண்டு எச்சரித்து அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போனோம். அடிவாரத்தில் வண்டிகள் நிற்கும் வரை பேசாமல் வந்தவள், முதல் கொண்டை ஊசி வளைவில் ஆரம்பித்தாள். இருபது வளைவும் சண்டைதான்.

‘நீங்க போட்டது தப்பு மாமா, ஒத்துக்கறேன். அதுக்காக நான் போடறதும் தப்புன்னு எப்படிச் சொல்றீங்க? அந்த ஆளு இன்னைக்கும் அதே பஸ்லதான் வர்றான். நான்தான் பஸ்ஸை மாத்திக்கிட்டேன்.’

2015இல் தில்லியில் ஒரு பெண் சிக்னலில் தன்னிடம் தகாதபடி பேசியதாக ஒருவர் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டார், டிவியெல்லாம் அவரைக் கொடூரன் என்றது, வேலை போனது, நாலு வருஷம் கழித்து 2019இல் கோர்ட் அவரை விடுதலை செய்தது என்று நான் சொன்னேன். அவள் பத்திரிகையாளர் பிரியா ரமணியைச் சொன்னாள். மத்திய அமைச்சராக இருந்த எம்.ஜே. அக்பர் மீது பாலியல் புகாரை வெளியே சொன்னதற்காக அவர் மீதுதான் அவதூறு வழக்கு வந்தது. 2021 பிப்ரவரியில் தில்லி நீதிமன்றம் விடுவித்தது. ஒருவரின் நற்பெயரைக் காக்க ஒரு பெண்ணின் கண்ணியத்தை விலையாகக் கொடுக்க முடியாது என்றது. பல வருஷம் கழித்துச் சொன்னாலும், எந்த மேடையில் சொன்னாலும் அவளுக்கு உரிமை உண்டு என்றது. ‘அவங்களும் வெளியிலதானே சொன்னாங்க மாமா?’

வெளியில்தான் சொன்னார். ஆனால் தனக்கு நடந்ததை, தன் பேரைப் போட்டு, தன்னைவிட எவ்வளவோ பலம் உள்ள ஆளைப் பற்றிச் சொன்னார். நான் என்னைவிடப் பலம் குறைந்த ஒரு பையனைப் பற்றி, கல்லாவில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்று எனக்குப் புரிகிறது. அப்படியும் அவர் இரண்டு வருஷத்துக்கு மேல் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியிருந்தது. இதை அவளிடம் சொன்னேன். பதினான்காவது வளைவு என்று நினைக்கிறேன், சுற்றுலா வேன் ஒன்று எதிரே வந்து இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம்.

அவளுடைய கோபம் குற்றவாளி மீது. கூட்டத்தின் கோபம் எங்கே போய் முடியும் என்பதுதான் என் பயம். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கில் முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. அதைப் பகிர்ந்தவர்களில் பல பேர் அந்தப் பெண்ணுக்கு நியாயம் வேண்டும் என்றுதான் பகிர்ந்திருப்பார்கள். பகிர்ந்ததில் இருந்ததோ அந்தப் பெண்ணின் விவரம். சென்னை உயர்நீதிமன்றம் அவருக்கு 25 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் இரண்டு வருஷம் வரை சிறை உண்டு. அக்கா மகள் எடுத்த வீடியோவில் அவள் குரலும் இருக்கிறது, கல்லூரி அடையாள அட்டைக் கயிறும் தெரிகிறது. அதைச் சொன்னதும் கொஞ்சம் யோசித்தாள்.

‘அப்போ அவன் நிம்மதியா இருக்கட்டும்கறீங்க.’

பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். வீடியோவை இன்னும் போனில் வைத்திருக்கிறாள். அழிக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

போன ஆடியில் என் 42 வினாடி திரும்பி வந்தது. இந்தத் தடவை ‘ஈரோட்டில் கைவரிசை’ என்று தலைப்பு. சிவப்பு வட்டம் அப்படியே இருந்தது, இசை மட்டும் புதுசு. இது மூன்று வருஷத்துக்கு முந்தியது, பொருள் திரும்பக் கிடைத்துவிட்டது, கடைக்காரன் நான்தான் என்று கீழே எழுதினேன். ‘திருடனுக்கு சப்போர்ட்டா?’ என்று ஒருவர் கேட்டார். அதற்கு எண்பது லைக்.

அதற்குப் பத்து நாள் கழித்து அந்த அம்மா கடைக்கு வந்தார். நடுவில் எப்போதாவது வந்திருக்கலாம், நான் கவனித்ததில்லை. மூன்றடுக்கு டிபன் கேரியர் ஒன்று எடுத்தார். பையன் திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறானாம். பேர் வெட்டணுங்களா என்று கேட்டு, பழக்கத்தில் சீட்டை நீட்டினேன்.

‘முழுப் பேர் வேண்டாங்கண்ணா. எழுத்து மட்டும் போடுங்க.’

சீட்டில் இரண்டு எழுத்து எழுதிக் கொடுத்தார். அண்ணன் மூடியின் உள்பக்கம் வெட்ட ஆரம்பித்தார். அந்தச் சத்தத்துக்கு நடுவே அந்த அம்மா குனிந்து, ‘அது போயிருச்சுங்களா?’ என்றார்.

போயிடுச்சுங்க என்று சொல்ல வாய் வரை வந்தது. ‘இல்லீங்க, இன்னும் சுத்துது’ என்றேன். கேட்டதோ இல்லையோ, தலையை ஆட்டினார். அண்ணன் மூடியைத் துணியால் துடைத்துக் கொடுத்தார். அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘ஒரு அம்பது ரூபா கொறைச்சுக்கோங்க’ என்றார். குறைத்துக்கொண்டேன்.